பார்க்கப் பார்க்கச் செத்துப்போன செல்

எனக்கு ஊர் ஏற்காட்டுப் பக்கம் வாழவந்தி. மழை விட்ட மறுநாள் ஓடையில் கல்லைப் புரட்டினால் நண்டு இருக்கும். சின்ன வயசில் ஒன்று என் விரலைக் கவ்விக்கிச்சு. கையை உதற உதற இன்னும் இறுக்குது. ஆயா பதறவே இல்லை. "கையத் தண்ணியில வைடா, தானா விட்டுடும்"னாங்க. வைத்தேன். விட்டுவிட்டது.

அது எப்படி விட்டது? இந்தக் கேள்விதான் பல வருஷம் கழிச்சு என்னை ஒரு நரம்பியல் ஆய்வகத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது.

நம்ம கை, கால் தசைக்கு நரம்பு வழியாக வருகிற உத்தரவு ஒன்றுதான்: 'சுருங்கு'. 'வேண்டாம்' என்கிற முடிவெல்லாம் மூளையிலும் தண்டுவடத்திலுமே முடிந்துவிடும். நண்டு, இறால் வகைகளில் அப்படி இல்லை. 'சுருங்கு' என்று ஒரு நரம்பு, 'நிறுத்து' என்று இன்னொரு நரம்பு, இரண்டுமே நேராகத் தசைக்கு வருகின்றன. நிறுத்தச் சொல்கிற நரம்பு விடுவது காபா என்ற வேதிப்பொருள். 1960-களில் ஹார்வர்டில் எட்வர்ட் கிராவிட்ஸ் குழுவினர் இதை லாப்ஸ்டரில் காட்டினார்கள். நம்ம மூளையிலும் முக்கியமான பிரேக் அதே காபாதான்.

சரி, இந்த வயரிங்கை எப்படிப் பார்ப்பது? முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் ஒரே ஒரு செல்லுக்குள் ஒளிரும் சாயத்தைச் செலுத்தணும். 1968-ல் ஆன்டனி ஸ்ட்ரெட்டனும் கிராவிட்ஸும் லாப்ஸ்டரில் பயன்படுத்திய புரோசியான் யெல்லோ, துணிக்குப் போடுகிற சாய வகை! 1978-ல் வால்டர் ஸ்டூவர்ட் இன்னும் பளிச்சென்று ஒளிரும் லூசிபர் யெல்லோவைக் கொண்டுவந்தார். நீல ஒளி பட்டால் மஞ்சளாக ஒளிரும். செல்லின் கிளையெல்லாம் மரம் மாதிரி விரியும்.

நான் முதன்முதலாக ஒரு நண்டு செல்லில் அதை ஏற்றிய அன்று, சந்தோஷத்தில் விளக்கை அணைக்கவே இல்லை. நண்பர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் திரையில் மின்துடிப்பு நின்றுபோச்சு. செல் செத்துவிட்டது. ஒளியை வாங்குகிற சாயம், கூடவே செல்லைச் சிதைக்கிற வினைகளையும் கிளப்பிவிடும். பார்த்ததே அதைக் கொன்றது.

அப்புறம்தான் படித்தேன்: 1979-ல் ஜான் மில்லரும் ஆலன் செல்வர்ஸ்டனும் இதையே வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். சிங்கி இறாலின் இரைப்பையை ஆட்டிவைப்பவை சுமார் 30 நரம்பு செல்கள். அதில் ஒன்றுக்கு மட்டும் சாயம் ஏற்றி, நீல ஒளியால் கொன்று, மிச்ச செல்களின் தாளம் எப்படி மாறுது என்று பார்த்தார்கள். ஒவ்வொரு செல்லின் வேலையும் அப்படித்தான் பிடிபட்டது.

என் பிழை அவர்களுக்குக் கருவி. ஆனால் வித்தியாசம் இருக்கு. அவர்களிடம் ஒரு கேள்வி இருந்தது. நான் வேடிக்கை பார்த்தேன். அந்த நண்டின் உயிர் அதற்காகப் போகலை. இப்போதெல்லாம் விளக்கைப் போடும் முன் என்ன தெரியணும் என்று நோட்டில் எழுதிவிடுவேன். தெரிந்ததும் அணைத்துவிடுவேன்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.