தலையெழுத்தும் மண்டை ஓடும்



கஷ்டம் வந்தால் "என் தலையெழுத்து" என்று நெற்றியில் அடித்துக்கொள்ளாதவர் நம்மில் எத்தனை பேர்? சுடுகாட்டு மண்டை ஓட்டைக் காட்டி, "இதோ கோணல் மாணலாய் இருக்கிறதே, இதுதான் பிரம்மா எழுதியது" என்று வியாக்கியானம் செய்வோரும் உண்டு. சரி, அந்த மண்டை ஓட்டையே நாமும் சாட்சிக்கு அழைக்கின்றோம்.

தலை ஒரே எலும்பல்ல. மூளையைப் பொதிந்திருப்பவை 8, முகத்தில் 14, ஆக 22 எலும்புகள். தச்சன் பலகைகளைக் கோப்பதுபோல் அவை பல்லுக்குப் பல் பொருந்தும் மூட்டுவாய்தான் அந்தக் கோடு. நெற்றிக்கு மேலே குறுக்காக ஒன்று, உச்சியில் நீளவாக்கில் ஒன்று, பின்தலையில் கூரை முகடுபோல் ஒன்று. மிராசுதார் தலையிலும் இவைதான். அவருடைய மாட்டுக்காரன் தலையிலும் இவைதான். எழுத்து ஒன்றாயிருக்க, ஒருவனுக்கு நெல்லும் மற்றவனுக்குக் கூழும் ஆவானேன்? எழுதியவனைக் கேட்பதா, நெல்லை அளந்தவனைக் கேட்பதா?

நிற்க. ஞானியின் உயிர் உச்சித் துவாரம் வழியாகப் போகிறதாம். உச்சியில் சிலருக்கு ஊசிமுனை போன்ற துவாரங்கள் உண்டு. சிலருக்கு இல்லவே இல்லை. அவற்றில் ஓடுவது சிறு இரத்தக் குழாய். பெரிய துவாரம் மண்டையின் அடியில் இருக்கிறது. அதன் வழியே தண்டுவடம் இறங்குகிறது. கண் நரம்புக்கு ஒரு வழி, காது நரம்புக்கு ஒரு வழி, வாசனை நரம்புகளுக்கு மூக்கின் மேலே சல்லடைபோல் பல வழிகள். ஆத்மாவுக்கென்று ஒரு சந்துகூட ஒதுக்கப்படவில்லை!

ஆனால் தாய்மார்களே, குழந்தையின் உச்சிக்குழி வேறு சங்கதி. பிரசவத்தில் தலை நெருங்கி வெளிவரவும், பிறகு மூளை வளரவும் எலும்புகள் அங்கே கூடாமல் இருக்கின்றன. பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள், சிலருக்கு இரண்டு வயதுக்குள், அது மூடிவிடும். ஒரு கிராமத்தில் பேதி கண்ட குழந்தைக்கு உச்சி பள்ளமாகி விட்டதென்று விளக்கெண்ணெய் தடவி, மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு அலைந்ததை நாமே பார்த்தோம். குழந்தையின் உதடோ காய்ந்து கிடந்தது. ஒரு சங்கு தண்ணீர் கொடுப்பாரில்லை! உச்சி விழவில்லை, தோழர்களே. உடம்பில் நீர் வற்றிவிட்டது. காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறுகச் சிறுகப் புகட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். புகட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காய்ச்சலோடு உச்சி மேலே புடைத்தாலும் அப்படியே, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு. மந்திரக்காரன் வீடு வழியில் இருந்தாலும் நிற்க வேண்டாம்.