பருத்திக்குன்றத்துக்குப் பிள்ளைகளோடு ஒரு நாள்



விழா மேடைகளில் தீர்த்தங்கரர் வரலாறும் அறத்தின் நுட்பங்களும் பேசப்படுவது வழக்கம். இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவற்றைவிடச் சிறியது. வளரும் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு விடுமுறை நாளில் வெளியே சென்று வருவது, அதிலும் காஞ்சிக்குச் சென்று வருவது, அதைப் பற்றித்தான் பேச்சு.

வந்தவாசி, செய்யாறு, ஆரணி, போளூர், திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களில் வாழ்ந்த காலத்தில் பிள்ளைக்கு அறத்தைத் தனியே கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. தெருமுனையில் ஜினாலயம் இருந்தது. பொழுது சாயும் முன் எல்லா வீடுகளிலும் அடுப்பு அணைந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையும் இரவில் உண்ணாது. ஆகவே அது ஒரு விரதம் என்றே குழந்தைக்குத் தெரியாது. இன்று பாதிக் குடும்பங்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கின்றன. அடுக்குமாடி வீட்டில் எதிர்வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாள் விருந்து இரவு ஏழரைக்குத் தொடங்குகிறது. "நாம் மட்டும் ஏன்?" என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. ஊரில் தானாக நடந்ததை இனி முயன்று அமைத்துத் தர வேண்டியிருக்கிறது. அதற்கு வாய்த்த வழிகளில் பயணமும் ஒன்று.

ஆனால் பிள்ளைகள் ஜினாலயத்தைப் பார்ப்பது எப்போது? பெரும்பாலும் விழா நாளில், கூட்டத்தில், பெரியவர்களின் கைப்பிடியில். "ஓடாதே, தொடாதே, வரிசையில் நில்" என்ற மூன்று கட்டளைகளுக்கு நடுவே அவர்கள் பார்ப்பது பெரியவர்களின் முதுகுகளைத்தான். விழாவிற்கு அழைத்து வருவது வேண்டியதே. கூட்டமில்லாத ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையில், அவசரமில்லாமல், பிள்ளையின் நடைக்கு ஏற்ப அழைத்துச் செல்வது அதனினும் வேண்டியது.

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் ஏறத்தாழ 75 கிலோமீட்டர். விடியலில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் சென்று சேரலாம். வண்டியில் கட்டுச்சோறும் வடிகட்டிய நீரும் இருக்கட்டும். திரும்பும் நேரத்தைக் கணக்கிடும் வேலையைப் பிள்ளையிடமே கொடுத்துவிடலாம். மார்கழித் தொடக்கத்தில் ஐந்தே முக்கால் மணிக்கே கதிரவன் மறைகிறான். ஆனி மாதத்தில் ஆறரை வரை பொழுது இருக்கிறது. "இன்று எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும், வண்டியை எங்கே நிறுத்தலாம்?" என்று பத்து வயதுச் சிறுமி கணக்கிடத் தொடங்கினால், இரவுண்ணாமை அவளுக்குத் தடையாகத் தோன்றாது, அவள் பொறுப்பாகிவிடும். நெடுஞ்சாலை உணவகத்தில் விளக்கொளியில் பசியோடு நிற்கும் பிள்ளையிடம் விரதத்தின் பெருமையைச் சொல்லிப் பயனில்லை. அங்கே தவறியது திட்டமிடாத பெரியவரே.

நகரைக் கடந்து வேகவதியின் மறுகரைக்குச் சென்றால் திருப்பருத்திக்குன்றம். ஜினகாஞ்சி என்று போற்றப்படும் இடம். பட்டுக்குப் பெயர்போன நகரின் ஓரத்தில் பருத்தியைத் தன் பெயரில் தாங்கி நிற்கும் ஊர் என்பதே பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க முதற்செய்தி. பல்லவன் சிம்மவர்மன் வஜ்ரநந்தி முனிவருக்கு நிலக்கொடை அளித்ததைச் சொல்லும் பள்ளன்கோயில் செப்பேட்டிலேயே பருத்திக்குன்று குறிக்கப்படுகிறது. அந்த மன்னன் காலம் ஆறாம் நூற்றாண்டு. தாத்தாவுக்குத் தாத்தா என்று எண்ணத் தொடங்கும் பிள்ளை அறுபது தலைமுறைக்குமுன் எங்கோ களைத்து நின்றுவிடும். அந்தக் களைப்பும் ஒரு கல்விதான்.

பழைய சந்திரப்பிரபர் கோயிலில் கருவறை மேல்தளத்தில் இருக்கிறது. படியேறிச் செல்ல வேண்டும் என்பதாலேயே சிறுவர்களுக்கு அது பிடித்துப்போகும். திரைலோக்கியநாதர் கோயிலில் வர்த்தமானர் சன்னதியின் முன்னே உள்ள சங்கீத மண்டபம் 1387-இல் கட்டப்பட்டது. விசயநகர அரசின் அமைச்சராகவும் தண்டநாயகராகவும் விளங்கிய இருகப்பர், தம் ஆசிரியர் புஷ்பசேன முனிவரின் சொற்படி எழுப்பியது. ஆண்டுகளைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள், மறக்கட்டும். அவர்கள் மறக்காதது அந்த மண்டபத்தின் விதானமாக இருக்கும்.

விதானம் முழுவதும் ஓவியங்கள். பட்டை பட்டையாகப் பிரித்து, கதை வரிசையில் தீட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழில் விளக்கக் குறிப்பு உண்டு. ரிஷபதேவர், வர்த்தமானர், நேமிநாதரும் அவர் உறவினரான கண்ணனும், தருமதேவி ஆகியோரின் வரலாறுகள் அங்கே உள்ளன. சென்னை அருங்காட்சியகத்திற்காக டி. என். இராமச்சந்திரன் 1934-இல் எழுதிய நூல், இந்த ஓவியங்களைக் காட்சி காட்சியாகப் பதிவுசெய்தது. அதன்பின் பல பகுதிகள் மங்கியும் உதிர்ந்தும் போயின. எஞ்சியவற்றை இப்போது வளரும் பிள்ளைகள் பார்த்துவிட வேண்டும் என்பதில் சிறிது அவசரமும் இருக்கிறது.

பார்க்கும் முறை ஒன்று உண்டு. கழுத்தை அண்ணாந்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு நகர்ந்தால் எதுவும் மனத்தில் பதியாது. காவலரிடம் கேட்டுக்கொண்டு, பிறருக்கு இடையூறு இல்லாத நேரத்தில், ஓர் ஓரத்தில் துண்டை விரித்துப் பிள்ளையை மல்லாந்து படுக்கச் சொல்ல வேண்டும். ஓவியத்தைத் தீட்டியவரும் அப்படித்தானே மேலே பார்த்திருப்பார்! கைப்பேசியின் மின்னொளி பாய்ச்சிப் படம் எடுக்க வேண்டாம். கீழே எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லலாம். பள்ளியில் தமிழே பாடமாக இல்லாத பிள்ளை அங்கே ஒரு சொல்லைத் தானாகப் படித்துவிட்டால், அந்த ஒரு சொல் நூறு அறிவுரைக்கு மேலான பலனைத் தரும். ரிஷபதேவர் தம் புதல்வியர் பிராமிக்கும் சுந்தரிக்கும் எழுத்தும் எண்ணும் கற்பித்தார் என்ற வரலாற்றைச் சொல்லவும் அதைவிடப் பொருத்தமான இடமில்லை.

தருமதேவியின் கதை அன்னையருக்கு உரியது. முன்னோர் சடங்கிற்காகச் சமைத்த உணவை, வாயிலில் வந்து நின்ற முனிவருக்கு அவள் முதலில் அளித்துவிடுகிறாள். சினந்த கணவன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். இரண்டு சிறு பிள்ளைகளோடு அவள் மலையை நோக்கி நடக்கிறாள். பசித்த பிள்ளைகளுக்குப் பருவமல்லாத காலத்தில் மாமரம் கனி தருகிறது. கோயில்தோறும் சிங்கத்தோடும் இரு குழந்தைகளோடும் நிற்கும் அம்மனின் கதை இதுதான் என்று தெரியாமலே வணங்கும் பிள்ளைகள் உண்டு. நேமிநாதரின் வரலாற்றையும் அங்கேயே சொல்ல வேண்டும். மணக்கோலத்தில் தேரேறி வருகிறார். வழியில் அடைபட்ட விலங்குகளின் ஓலம் கேட்கிறது. யாருக்காக இவை என்று தேரோட்டியைக் கேட்கிறார். உங்கள் திருமண விருந்துக்காக என்று விடை வருகிறது. தேர் திரும்புகிறது.

இந்தக் கதையைச் சொல்லும் பெற்றோர் ஒன்றை அறிந்தே சொல்ல வேண்டும். அடுத்த ஒரு மணி நேரத்தில் அது அவர்களிடமே திரும்பி வரும்.

கோயிலின் குரா மரத்தையும் காட்டிவிட்டுப் புறப்படலாம். தன் அளவில் கூடாமலும் குறையாமலும் நின்று மன்னனின் செங்கோலைக் காட்டும் மரம் அது என்று ஒரு பழம்பாட்டு சொல்கிறது. மேருமந்தர புராணம் பாடி, நீலகேசிக்குச் சமயதிவாகரம் என்னும் உரையும் வகுத்த வாமன முனிவரின் நினைவு அந்த மரத்தடியோடு இணைத்துப் பேசப்படுகிறது. நீலகேசியோ கேள்வி கேட்பதையே அறமாகக் கொண்டவளின் காப்பியம்.

ஊருக்குத் திரும்பும் வழியில் பிள்ளையார்பாளையம். நெசவாளர் தெருக்கள். திறந்த கதவுக்குள் தறியின் ஓசை கேட்கும். அனுமதி கேட்டால் பெரும்பாலோர் மகிழ்ந்து காட்டுவார்கள். பாவு நீண்டு கிடப்பதையும், நாடா ஓடுவதையும், உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் வந்து கோர்வையில் பூட்டிக்கொள்வதையும் பிள்ளைகள் வாய்பிளந்து பார்ப்பார்கள். கோர்வைக்கு நெய்பவரோடு துணையாள் ஒருவரும் வேண்டும். சென்ற நூற்றாண்டின் இறுதிவரை பல தறிகளில் அந்தத் துணையாள் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. வீட்டார் வாங்கிய முன்பணத்திற்காகப் பள்ளிக்குப் போகாமல் தறியில் அமர்ந்த பிள்ளை. அரசும் தொண்டு நிறுவனங்களும் முயன்றபின் அந்நிலை பெரிதும் மாறியது. அதே வயதில் நிற்கும் நம் பிள்ளைக்கு இதையும் சொல்லலாம்.

பிறகு அந்தக் கேள்வி வரும். "இந்த நூல் எதிலிருந்து வருகிறது?"

இங்கே பல பெற்றோர் சட்டென்று பேச்சை மாற்றிவிடுகின்றனர். "புழு கட்டும் கூடு" என்று பாதி சொல்லி நிறுத்துகின்றனர். கூட்டுக்குள் புழு உயிரோடு இருக்கிறது. அந்துப்பூச்சியாகி அது கூட்டைத் துளைத்து வெளிவந்தால் பல நூறு மீட்டர் நீளும் இழை அறுந்துவிடும். ஆகவே அதற்குமுன் வெப்பத்தால் கொல்லப்படுகிறது. கூடு வெந்நீரில் இடப்பட்டு இழை எடுக்கப்படுகிறது. ஒரு கிலோ பட்டுநூலுக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கூடுகள் வேண்டும். இதுதான் முழு விடை. கிழங்கு உண்ணாத வீட்டில், தேன் தொடாத வீட்டில், நீரை வடிகட்டிக் குடிக்கும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு இந்த விடையை மறைத்தால், ஒருநாள் அது தானே கைப்பேசியில் தேடி அறிந்துகொள்ளும். அப்போது பட்டைப் பற்றிய ஐயத்தோடு, வீட்டில் சொல்லிக்கொடுத்த மற்றவற்றைப் பற்றிய ஐயமும் சேர்ந்து பிறக்கும். காலையில் கேட்ட தேர் திரும்பிய கதையை அது எடுத்து வைத்தால், "அது விலங்கு, இது புழு" என்று சொல்லவும் வழியில்லை. ஓரறிவு முதல் உயிர்களை வகுத்துச் சொன்ன மரபு நம்முடையது.

பட்டை அறவே விலக்கிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. கல்யாணத்திற்கு மட்டும் என்று வைத்துக்கொண்டவர்களும் உண்டு. பெட்டியில் பாட்டியின் கூறைப்பட்டைப் பாதுகாப்போர் மிகப் பலர். இதில் எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இந்த உரையின் நோக்கமில்லை. "எங்கள் திருமணத்தில் இதைப் பற்றி யோசிக்கவில்லை" என்று ஒரு தாய் தன் மகளிடம் ஒப்புக்கொண்டால் அவள் மதிப்பு குறையாது. பாட்டியின் சேலையை எரிக்க வேண்டியதில்லை. பேச்சு இனி வாங்கப்போவதைப் பற்றியது.

வேறு வழிகளும் இருக்கின்றன. அந்துப்பூச்சி வெளியேறியபின் எஞ்சும் கூட்டிலிருந்து நூற்கும் அகிம்சைப் பட்டை ஐதராபாத்தின் குசுமா ராஜையா பரப்பினார். அதில் பளபளப்புக் குறைவு, விலை கூடுதல். வீட்டில் வளர்க்கப்பட்ட அந்தப் பூச்சியால் பறக்கவும் இயலாது, சில நாள்களே வாழும் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. மற்றொரு வழி அருகிலேயே இருக்கிறது: பருத்தி. காஞ்சிக் கரையும் முந்தியும் கொண்ட பருத்திச் சேலைகள் நெய்யப்படுகின்றன. பட்டை விடுத்தால் நெசவாளர் பிழைப்பு என்னாகும் என்று பிள்ளை கேட்கக்கூடும், கேட்க வேண்டும். தறிமுன் அமர்ந்து வேர்வை சிந்துபவர் மேல் எந்தப் பழியும் இல்லை. நல்ல விலை கொடுத்துப் பருத்தி நெய்யச் சொல்லும் ஒவ்வொரு குடும்பமும் அவருக்கு வேலை தருகிறது. ஆனால் பட்டுக்குக் கிடைக்கும் கூலி பருத்திக்கும் கிடைக்குமா என்பது பேரம் பேசாமல் வாங்கும் நம் கையில்தான் பெரிதும் இருக்கிறது. கோயில் விழாக்களுக்கு இவ்வளவு செலவிடும் சமூகத்தால் இதற்கு முடியாதென்று சொல்வதற்கில்லை.

வீட்டில் அடுத்த திருமணம் நிச்சயமானதும் பெரியவர்கள் காந்தி சாலைக் கடைகளுக்குப் போகும் நாள் வரும். வழக்கமாகப் பிள்ளைகளை அன்று பாட்டி வீட்டில் விட்டுவிடுவார்கள். அன்றைக்கு, விதானத்தின் கீழ் படுத்திருந்த அந்தப் பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லலாம். கடைக்காரர் சேலைகளை விரிக்கும்போது மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் அதற்கும் ஓர் இடம் கொடுக்கலாம்.