றைன் நதியின் அளவும் அளந்த நேரமும்



கொலோனில் பழைய நகரை ஒட்டிய றைன் கரையில் மணிக்கூடு போல ஒன்று நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். இந்நாட்டுக்கு வந்த புதிதில் அதைப் பார்த்து என் கைக்கடிகாரத்தைத் திருத்தப் போனேன். பக்கத்தில் நின்றவர் சிரித்துவிட்டார். அது ஆற்றின் நீர்மட்டம் காட்டுகிறது. சின்ன முள் மீற்றர், பெரிய முள் டெசிமீற்றர்.

காலை நிகழ்ச்சியில் நீர்மட்டம் சொல்லும் வேலை என்னிடம் வந்தபோது, தினமும் கரைக்குப் போய் முள்ளைப் பார்க்க முடியவில்லை. அதற்கு வேறு வழி இருந்தது. ஜேர்மன் மத்திய அரசின் நீர்வழி, கப்பல் போக்குவரத்து நிர்வாகம் 'பேகல்ஒன்லைன்' என்றொரு இணையச் சேவையை நடத்துகிறது. ஆற்றோரத்து அளவுக் கருவிகள் எடுக்கும் நீர்மட்டம் வழக்கமாகப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அங்கே பதிவாகிறது. நிலையத்தின் பெயரைப் போட்டு ஒரு முகவரியைக் கேட்டால், பேரேட்டில் ஒரு வரியைப் போலப் பதில் வரும்: நாளும் நேரமும், சென்ரிமீற்றரில் அளவு, அது வழமையானதா கூடியதா குறைந்ததா என்ற குறிப்பு. கட்டணமும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. நான் வணிகம் படித்த கணக்காளன். கணினி மொழி எனக்குத் தூரம். ஆனாலும் மகள் பக்கத்தில் இருந்து சொல்லித்தர, 'பைதன்' மொழியில் பத்துப் பன்னிரண்டு வரிகளில் ஒரு நிரல் எழுதிவிட்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இந்த அளவு ஆற்றின் ஆழம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கொலோன் அளவின் பூச்சியம் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 35 மீற்றர் மேலே வைத்த ஒரு குறி. எங்கள் கணக்கில் ஆரம்ப மீதி போல. 2018 ஒக்டோபரில் அளவு 69 சென்ரிமீற்றருக்கு இறங்கியது. அப்போதும் கப்பல்கள் சுமையைக் குறைத்துக்கொண்டு ஓடின. மறுபக்கம், 6.20 மீற்றர் தாண்டினால் கப்பல்களுக்குக் கட்டுப்பாடு, 8.30 தாண்டினால் ஓட்டமே நிறுத்தம். 1995 ஜனவரியில் 10.69 மீற்றர் வந்தது.

இனி என் பிழைக்கு வருகிறேன். ஒரு பெப்ரவரியில் ஆறு ஏறிக்கொண்டிருந்தது. காலையில் என் நிரல் தந்த இலக்கத்தை நிதானமாக வாசித்தேன். நிகழ்ச்சி முடியவில்லை, தொலைபேசி அடித்தது. மரக்கறி வியாபாரம் செய்யும் நேயர் ஒருவர்.

"அண்ணை, நீங்கள் சொன்ன தண்ணியை நான் விடியப்புறமே பாத்திட்டன். இப்ப என்ர வான் சில்லைத் தொடுது. கரையில விட்டிருந்தனான், நல்லகாலம் எழும்பிப் போய்ப் பாத்தன்."

நடந்தது இதுதான். இரவில் எங்கள் இணைய இணைப்பு அறுந்திருந்தது. இணைப்புக் கிடைக்காவிட்டால் கடைசியாகச் சேமித்த அளவைக் காட்டும்படி நானே எழுதியிருந்தேன். திரை வெறுமையாக இருந்தால் அழகில்லை என்ற எண்ணம். நான் வாசித்தது ஆறு மணித்தியாலம் பழைய அளவு. நேரத்தை நிரல் வாங்கியே இருந்தது, நான்தான் அதைத் திரையில் போடவில்லை. முப்பது வருடமாகத் திகதி இல்லாத பற்றுச்சீட்டைத் திருப்பி அனுப்புகிறவன் செய்த வேலை இது!

இதைச் சின்ன விடயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2021 யூலை 14 இரவு ஆர் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்தபோது, அல்ற்றெனார் அளவு நிலையம் தண்ணீரோடு போய்விட்டது. அது மாநிலத்தின் நிலையம். அதற்கு முன் அந்த நிலையம் பதிவுசெய்த ஆகக்கூடிய வெள்ளம் 2016இல் 3.71 மீற்றர். அன்றிரவு 5.75 மீற்றர் அளவில் பதிவு நின்றது. வெள்ளம் பத்து மீற்றர் வரை ஏறியதாகப் பின்னர் கணக்கிட்டார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். கடைசி இலக்கத்தை மட்டும் காட்டும் என் நிரலைப் போன்ற ஒன்று அங்கே ஓடியிருந்தால், விடியும்வரை 5.75 என்றே சொல்லிக்கொண்டு இருந்திருக்கும். ஆறு அடங்கிவிட்டது என்றும் யாராவது நினைத்திருக்கலாம்.

அன்று பின்னேரமே நிரலைத் திருத்தினேன். பதிலில் உள்ள நேரத்தை இப்போதைய நேரத்தோடு ஒப்பிடும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பழசானால் அளவைத் தராது, 'பதிவு இல்லை' என்றே காட்டும். பூச்சியம் என்று காட்டாது. கணக்கில் பூச்சியமும் வெற்றிடமும் ஒன்றல்ல என்பது எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் தெரியும். கோடைகால நேரமாற்றத்தில் ஒரு தடவை தடுக்கி விழுந்தேன். பதிலின் நேரத்தோடேயே எந்த நேர வலயம் என்ற குறியும் வருகிறது, அதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். இவை சோதிக்கப்படாத உடனடிப் பதிவுகள் என்று சேவையே சொல்வதால், எங்கள் தணிக்கைக்கு முந்திய கணக்கைப் போல, அதையும் ஒலிபரப்பில் சொல்கிறேன்.

இப்போது "காலை ஏழு பதினைந்துக்கு எடுத்த அளவு" என்று தொடங்கித்தான் வாசிப்பேன். மரக்கறிக்காரத் தம்பி கேட்டுவிட்டு, வானைப் பார்க்க எப்படியும் கரைக்கு ஒருதரம் போய்வருகிறாராம்.