குடியிருக்க அனுமதி கேட்பதா?



சொந்த நாட்டுக்குள் ஓர் ஊரை விட்டு இன்னோர் ஊருக்குக் குடிபோக அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டுமாம். சோவியத் ஒன்றியத்தில் கோடிக்கணக்கான மக்கள் அப்படித்தான் வாழ்ந்தார்கள்.

1932 டிசம்பரில் அங்கே உள்நாட்டுக் கடவுச்சீட்டு வந்தது. எந்த ஊர், எந்தத் தெரு, எந்த வீடு என்று அதில் ஒரு முத்திரை குத்துவார்கள். அதற்குப் பெயர் புரோபிஸ்கா. மாஸ்கோவில் முத்திரை இல்லாதவருக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவருக்கு முத்திரை இல்லை. எந்தக் கதவைத் தட்டுவான் ஏழை?

கூட்டுப்பண்ணை விவசாயிகளில் பெரும்பாலோருக்கு அந்தக் கடவுச்சீட்டே கிடைக்கவில்லை. 1933 ஜனவரியில் உக்ரைன் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தது. ரொட்டி தேடி ரயிலேறப் போன விவசாயிகளை மறித்துத் திருப்பி அனுப்பச் சொல்லி மேலிடத்து உத்தரவு போனது. கூட்டுப்பண்ணை விவசாயிகளுக்கும் கடவுச்சீட்டு உண்டு என்று அரசு ஆணையிட்டது எப்போது தெரியுமா? 1974இல்! ஊருக்கெல்லாம் சோறு போட்டவன் ஊரை விட்டு நகர நாற்பது ஆண்டு காத்திருந்தான், தோழர்களே!

1990இல் லெனின்கிராடில் உணவுக்குப் பங்கீட்டு அட்டை கொடுத்தார்கள். பதிவு இல்லாத வீடற்றவர்களுக்கு அந்த அட்டை இல்லை. அவர்கள் பசியைத் தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்டு பிறந்ததுதான் 'நோச்லேஷ்கா' என்ற தொண்டு நிறுவனம். முத்திரை இல்லையென்றால் வயிறும் இல்லை என்று ஒரு நகரமே முடிவு கட்டியிருந்தது!

1991இல் ஒன்றியம் சிதறியது. 1993இல் ரஷ்யா புதிய சட்டம் இயற்றியது: இனி அனுமதி கேட்க வேண்டாம், இருப்பிடத்தைத் தெரிவித்துப் பதிந்தால் போதும். அதே ஆண்டு அரசியல் சாசனத்தின் 27ஆவது பிரிவு, விரும்பிய இடத்தில் வசிக்கும் உரிமையை எழுதி வைத்தது. ஆனால் பழைய பூட்டை எடுத்த இடத்தில் மாஸ்கோ நகராட்சி பணப்பூட்டைப் போட்டது. குடியேற வருகிறவர்கள் பெருந்தொகை கட்ட வேண்டும் என்றது. 1996இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1998இல் பதிவு என்பது தகவல் தெரிவிப்பது மட்டுமே, மறுக்கும் அதிகாரம் அல்ல என்றும் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் மெட்ரோ வாசலில் காக்கசஸ் பகுதியினரின் முகச்சாயல் உள்ளவர்களை நிறுத்தி, பதிவுச் சீட்டைக் காட்டு என்று போலீஸ் கேட்பது ஓயவில்லை. ஒன்றியத்திலிருந்து பிரிந்த உக்ரைனில் 2001இல் நீதிமன்றமே அந்த அனுமதி முறையைச் செல்லாது என்றது. உஸ்பெகிஸ்தானில் தாஷ்கண்டின் கதவு தளரவோ 2020 வரை ஆயிற்று.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? சட்டப் புத்தகத்தில் உரிமையை எழுதினால் மட்டும் போதாது. யார் எங்கே இருக்கிறார்கள் என்று அரசு கணக்கெடுக்கட்டும். அது அரசின் வேலை. அந்தக் கணக்கில் பெயர் இல்லை என்பதற்காகக் குழந்தைக்குப் பள்ளியையும், நோயாளிக்கு மருத்துவரையும், உழைப்பாளிக்கு வேலையையும் மறுத்தால், பதிவு என்ற பெயரில் பழைய அனுமதியே கொல்லைப்புறமாக உள்ளே வருகிறது.

ஆகவே எந்த நாட்டுச் சட்டத்தைப் படித்தாலும் ஒரு கேள்வியை மறவாமல் கேளுங்கள்: இந்தச் சீட்டு இல்லாதவருக்கு என்னென்ன மறுக்கப்படும்? ஒன்றுமில்லை என்று பதில் வந்தால் அது பதிவு. வேறு பதில் வந்தால் அது விலங்கு. அதை உடைக்கும்வரை பேசுவோம்!