விண்கலத்துப் பாட்டும் கானல்வரியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



மேடையில் இசையோடு பாடுவோரும் தாளில் எழுதியதைப் படிப்போரும் ஒருங்கே அமர்ந்திருக்கும் அவை இது. மரபுக்கவிதையா, புதுக்கவிதையா என்னும் வழக்கு தலைகாட்டாத இலக்கியக் கூட்டம் அரிது. அவ்வழக்கின் அடியில் பழைய வினா ஒன்று கிடக்கின்றது. சொல்லி முடிக்கக்கூடிய ஒன்றை ஏன் பாடவேண்டும் என்பதே அவ்வினா. 2023ஆம் ஆண்டில் அது சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில் எழுந்தது. அமெரிக்க அறிவியற்புனைவுத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் சுவைஞர்கள் அவ்வினாவால் இருகூறாகப் பிரிந்தனர். அவர்கள் பிரிந்த முறையையும், தமிழ்க் கலை வரலாற்றின் துணைகொண்டு அதற்குக் காணத்தக்க விடையையும் ஆராய்வது இவ்வுரையின் நோக்கமாகும்.

விண்கலம் பாடிய கதை

‘ஸ்டார் டிரெக்’ என்னும் தொடர் 1966 செப்டம்பர் 8ஆம் நாள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கியது. ‘எண்டர்பிரைஸ்’ என்னும் விண்கலத்தில் சென்று புதிய உலகங்களைக் காண்போரின் கதை அது. அதன் வழித்தோன்றல்களாகப் பல தொடர்கள் பிறந்தன. அவற்றுள் ஒன்றான ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ 2022இல் வெளிவரத் தொடங்கிற்று. அதன் இரண்டாம் பருவத்தின் ஒன்பதாம் பகுதி 2023 ஆகஸ்ட் 3ஆம் நாள் வெளியாயிற்று. ‘சப்ஸ்பேஸ் ராப்சொடி’ என்பது அப்பகுதியின் பெயர். ஸ்டார் டிரெக் வரலாற்றில் முழு இசைநாடகமாக அமைந்த முதற்பகுதி அதுவே.

கதை இது. விண்வெளியில் காணப்பட்ட விந்தையான மடிப்பு ஒன்றன் வழியே செய்தியை விரைந்து அனுப்பக் கூடுமா என்று கலத்தோர் ஆய்கின்றனர். செய்தித் தொடர்பு அலுவலராகிய உஹுரா என்னும் இளம்பெண் அதனுள் பழைய பாட்டொன்றைச் செலுத்துகின்றாள். அதனால் எழுந்த அலையில் அகப்பட்டோர், உள்ளம் உணர்ச்சியால் நிறையுந்தோறும், தம்மை அறியாமல் பாடத் தொடங்குகின்றனர். பாடும்போது மறைத்து வைத்தவை எல்லாம் வெளிப்பட்டுவிடுகின்றன. கலத்தின் தலைவர் தம் காதலியோடு தனியே பேசவேண்டியதை அனைவர் முன்னிலையிலும் பாட நேர்கின்றது. பாதுகாப்பு அலுவலராகிய லான், தன் உள்ளத்துக் காதல் பாட்டாய்ச் சிந்திவிடுமோ என அஞ்சி, உரியவனிடம் தானே சென்று வெறும் பேச்சிலேயே அதனைச் சொல்லிவிடுகின்றாள். இறுதியில் அனைவரும் ஒருங்கு சேர்ந்து பாடிய பேரிசையே அவ்வலையை அடக்குகின்றது.

இருதிறத்தார்

இப்பகுதியைச் சிலர் கொண்டாடினர், சிலர் கடிந்தனர். இருவர் கூற்றையும் நடுவுநிலை பிறழாது கேட்டல் வேண்டும்.

கடிந்தோர் கூற்று வருமாறு: அறிவியற்புனைவு என்பது ஆசிரியனுக்கும் சுவைஞனுக்கும் இடையே உள்ள ஓர் உடன்படிக்கை. ஒளியினும் விரைந்து செல்லும் கலத்தைச் சுவைஞன் நம்புகின்றான். அக்கதையுலகம் தனக்கென வகுத்துக்கொண்ட விதிகளை மீறாது என்னும் உறுதியே அந்நம்பிக்கைக்கு அடிப்படை. கண்ணுக்குத் தெரியாத இசைக்குழு ஒன்று எங்கிருந்தோ முழங்க, கலத்தோர் ஆடிப்பாடத் தொடங்கினால் அவ்வுறுதி குலைகின்றது. மேலும், அஞ்சத்தக்க பகைவராகக் காட்டப்பட்டு வந்த கிளிங்கான் இனத்தார் பாட்டும் கூத்துமாய் வந்து நகைப்புக்கு இடமாயினர். பருவத்திற்குப் பத்தே பகுதிகள் உடைய தொடரில் ஒன்றை இவ்வாறு செலவிடலாமா என்று கேட்டோரும் உளர்.

கொண்டாடினோர் கூற்று வேறு. பாட்டு எழுவதற்குக் கதைக்குள்ளேயே காரணம் காட்டப்பட்டுள்ளது என்பது அவர்தம் முதல் விடை. 1966ஆம் ஆண்டின் முதல் தொடரிலேயே, ஸ்பாக் என்னும் பாத்திரம் யாழ்போன்ற நரம்புக்கருவியை மீட்ட, உஹுரா பாடிய காட்சி உண்டு என்பது இரண்டாம் விடை. கடமையின் பெயரால் நெஞ்சை அடைத்து வைத்திருந்த மாந்தர் அதனைத் திறந்து காட்டும் வாய்ப்பு இப்பகுதியில்தான் கிட்டியது என்பது மூன்றாம் விடை.

இவ்விரு திறத்தாரும் ஒரே தொடரின்மீது அன்பு கொண்டவர்களே. முன்னவர் அவ்வுலகின் விதியை நேசித்தனர். பின்னவர் அவ்வுலகில் வாழும் மாந்தரை நேசித்தனர். ஆதலின் இப்பூசலை அறிவுக்கும் அறியாமைக்கும் நிகழ்ந்த பூசலாகக் கொள்ளுதல் பொருந்தாது.

பாட்டின்மையால் எழுந்த பூசல்

தமிழ்நாட்டில் இதே பூசல் தலைகீழாக நிகழ்ந்தது. இங்குப் பாட்டு நுழைந்தமையால் யாரும் திடுக்கிடவில்லை. தொடக்ககாலப் பேசும்படங்களில் பாட்டே பேச்சை விஞ்சி நின்றது. தியாகராஜ பாகவதரின் முதற்படமான ‘பவளக்கொடி’ (1934) ஐம்பதளவு பாடல்களைக் கொண்டிருந்தது. அவ்வாறு பழகிய செவிகளுக்கு முன்னே 1954 ஏப்ரலில் ‘அந்த நாள்’ வந்தது. ஏவி.எம். நிறுவனத்தின் படம், சிவாஜி கணேசனும் பண்டரிபாயும் நடித்தது, ஜாவர் சீதாராமன் எழுத்து. அதில் ஒரு பாட்டும் இல்லை, ஆடலும் இல்லை. அதனை இயக்கிய எஸ். பாலசந்தரோ வீணை இசையில் பெரும்புகழ் பெற்றவர். இசையறிந்த ஒருவரே தம் கதைக்குப் பாட்டு வேண்டா என்று துணிந்தார். கொலை ஒன்றனைப் பற்றிப் பலர் பலவாறு உரைக்கும் கதை அது. கேட்போர் ஐயம் ஒரு நொடியும் தளரக்கூடாது என்பதே அத்துணிவின் பொருள் எனலாம்.

அன்றைய பார்வையாளர் பலர் ஏமாற்றம் அடைந்தனர். படம் வணிக வெற்றி பெறவில்லை. எனினும் தேசியத் திரைப்பட விருதுகளில் அது தகுதிச் சான்றிதழ் பெற்றது. பிற்காலத்தார் அதனைத் தமிழ்த் திரையின் சிறந்த ஆக்கங்களுள் ஒன்றாகப் போற்றினர்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். அங்கே பாட்டு வந்ததால் சினம். இங்கே பாட்டு வராததால் சினம். இரண்டும் பழக்கம் வழங்கிய தீர்ப்புகள். பழக்கத்தைக் கொண்டு பாட்டின் தேவையை அளக்க இயலாது. ஆயின் வேறு எதனைக் கொண்டு அளப்பது?

காரணமும் விளைவும்

முதலாவதாகக் காரணத்தை நோக்கலாம். தமிழில் வேற்றுலகத்தார் வரும் கதையை முதன்முதலில் திரையில் காட்டிய படமாகச் சொல்லப்படுவது ‘கலை அரசி’. அது 1963இல் வெளிவந்தது. ஏ. காசிலிங்கம் இயக்க, எம்.ஜி. இராமச்சந்திரனும் பானுமதியும் நடித்தனர். அதில் வேற்றுலகத்தார் அறிவியலில் மேம்பட்டவர், இசையில் வறியவர். ஆதலின் தம் உலகுக்கு இசை கற்பிக்க இம்மண்ணுலகப் பாடகி ஒருத்தியைக் கவர்ந்து செல்கின்றனர். பொன்னையோ மண்ணையோ நாடி வராமல் பாட்டை நாடி வரும் வேற்றுலகத்தாரைத் தமிழ்க் கற்பனை படைத்தது எண்ணி மகிழத்தக்கது. அங்கே பாட்டு கதைக்கு ஒட்டுப்போட்ட அணியாக இல்லை. கதை பிறந்ததே பாட்டினால்தான்.

எனினும் காரணம் மட்டும் போதாது. பாட்டினால் நேரும் விளைவையும் நோக்குதல் வேண்டும். இதற்குச் சிலப்பதிகாரத்தினும் சிறந்த சான்று வேறில்லை. இந்திரவிழாவின் முடிவில் கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரையில் அமர்கின்றனர். மாதவி யாழைப் பண்ணமைத்துக் கொடுக்க, அவன் பாடுகின்றான். அப்பாட்டில் வேறொருத்தியின் நினைவு உளதோ என அவள் ஐயுறுகின்றாள். தானும் யாழை வாங்கி, வேறு குறிப்பு உடையவள் போலப் பாடுகின்றாள். அவன் அதனை மெய்யெனக் கொண்டு எழுந்து போய்விடுகின்றான். கானல்வரியை நீக்கிவிட்டால் பிரிவு இல்லை. மதுரைப் பயணம் இல்லை. சிலம்பின் வழக்கும் இல்லை. பேச்சில் கேட்டிருந்தால் ஒரு சொல்லில் தெளிந்திருக்கக்கூடிய ஐயம், பாட்டில் வந்தமையால் தெளியாமலே வளர்ந்தது.

இவ்விடத்தில் விண்கலக் கதைக்கு மீளுதல் தகும். ஸ்பாக்கின் அன்புக்குரிய செவிலி சாப்பலுக்கு ஆய்வு வாய்ப்பொன்று கிட்டுகின்றது. கலத்தோர் கூடியிருக்கும் அரங்கில் அவள் அம்மகிழ்ச்சியைப் பாடுகின்றாள். அவனை விட்டுப் பிரியவும் தான் அணியமாய் இருப்பதை அப்பாட்டே அவனுக்கு அறிவித்துவிடுகின்றது. நேரிற் சொல்லியிருந்தால் அவள் தயங்கியிருப்பாள், சொற்களைத் தேர்ந்திருப்பாள். பாட்டு தயங்கவில்லை. பின்னர் அவன் தனியே நின்று பாடுகின்றான். கடற்கரை வேறு, விண்வெளி வேறு. ஆயினும் காதலர் இருவரைப் பாட்டே பிரித்துவைத்த செய்தி ஒன்றே.

ஆகவே அளவுகோல் கிடைத்துவிடுகின்றது. பாட்டு முடிந்தபின் கதை, பாட்டுக்கு முன் நின்ற இடத்திலேயே நிற்குமாயின் அப்பாட்டு மிகை. கதைமாந்தர் முன்போல் ஒருவரை ஒருவர் நோக்க இயலாதவாறு ஆகிவிடுமாயின் அது தேவை. இவ்வளவுகோலின்படி சாப்பல் பாட்டு நிற்கும். கிளிங்கானர் பாட்டு ஒருகணச் சிரிப்போடு கரைந்துவிடும். அதனைக் கடிந்தோர் கூற்றில் நேர்மை உண்டு. 2010இல் வந்த ‘எந்திரன்’ படத்தில் ஆப்பிரிக்க மலையின் பெயரால் தொடங்கும் காதற்பாட்டு, தென்னமெரிக்காவின் மாச்சு பிச்சுவில் படமாக்கப்பட்டது. செவிக்கு இனிது, கண்ணுக்கும் இனிது. அதனை எடுத்துவிட்டாலும் எந்திரனின் கதை ஓர் அடியும் பின்வாங்காது. 2018இல் வந்த ‘2.0’ படத்தில் காதற்பாட்டு, கதை முடிந்தபின் ஓடும் எழுத்துகளோடு சேர்க்கப்பட்டது. இயக்குநர் இருவருமே ஒருவர். அவர் கைகளே எட்டாண்டில் வேறு தீர்ப்பு எழுதின.

கருவடிக்குப்பம் கூறும் விடை

இவ்வினாவுக்குப் புதுவை அயலூர் அன்று. நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்பெறும் தவத்திரு சங்கரதாச சுவாமிகள் 1922 நவம்பர் 13ஆம் நாள் மறைந்தது இந்நகரில்தான். அவர் நினைவிடம் கருவடிக்குப்பத்தில் உள்ளது. பவளக்கொடி உள்ளிட்ட அவர் நாடகங்களில் பாட்டே மிகுதி. அவர் காலத்திலேயே சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார், 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, உரைநடையை முதன்மையாக்கி நாடகம் எழுதினார். இருவருக்கும் தனித்தனியே சுவைஞர் கூட்டம் இருந்தது. இன்று நாடக வரலாறு எழுதுவோர் ஒருவரை விட்டு மற்றவரை எழுத இயலவில்லை.

அதே கருவடிக்குப்பத்தில்தான் பாரதியாரின் குயில் பாட்டோடு தொடர்புபடுத்தப்பெறும் தோப்பும் உள்ளது. 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த அப்பெருங்கவிஞர் பண்ணமைத்துப் பாடினார்; வசன கவிதையும் எழுதினார். ஒரே நெஞ்சு ஓரிடத்தில் பாட்டை வேண்டிற்று; ஓரிடத்தில் வேண்டா என்றது. தொல்காப்பியர் நாடக வழக்கையும் உலகியல் வழக்கையும் இணைத்தே புலனெறி வழக்கத்தை வகுத்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. மாந்தர் உலகில் பேசுவதுபோல் அகப்பாட்டில் பேசுவதில்லை. ஆயினும் அவர் உணர்வது உலகத்து உணர்ச்சியே.

இவ்வட்டத்துக் கவிஞர்கள் தத்தம் கையெழுத்துப்படியை எடுத்து நோக்கும் வேளையில், யாப்பு உளதா, இலதா என்று கேட்பதற்கு முன்னர் வேறொன்று கேட்டுக்கொள்ளலாம். இதனை ஒருவரிடம் நேரே பேசிவிட முடியுமா? முடியுமாயின் லானைப் போலப் பேசிவிடுதலே நேர்மை. அதற்கும் துணிவு வேண்டும். பேசினால் நா எழாது, பேசாதிருப்பின் நெஞ்சு தாங்காது என்னும் நிலையில்தான் மாதவி யாழைக் கையில் வாங்கினாள். பாட்டு அவளைக் காக்கவில்லை என்பதும் மறக்கத்தக்கதன்று. பாடுவோர் அவ்விடரை அறிந்தே பாடுதல் வேண்டும்.

பத்தாண்டு நிறைந்த இவ்வட்டத்தில் பாடுவோரும் பேசுவோரும் என்றும் ஒருங்கே அமர்ந்திருப்பாராக.