பள்ளிக்கூடமா, கைத்தொலைபேசியா?



2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. ஜூலையில் திறந்தன. அந்த மாதக் கடைசியிலேயே நம் கெடா நாப்போவில் சிவகங்கா தொற்றுத் திரள் கிளம்பியது. “உயிர் இருந்தால்தானே படிப்பு?” என்றார்கள் தாய்மார்கள். நியாயமான பயந்தான். வீட்டில் தாத்தா, பாட்டி இருக்கிறார்களே!

ஆனால் வீட்டுப் படிப்பு எப்படி நடந்தது? கல்வி அமைச்சின் ஆய்வுப்படியே ஏறக்குறைய 37 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை. தோட்டத்து வீட்டில் இருப்பதோ ஒரே போன். அதுவும் விடியற்காலையிலேயே அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அவர் திரும்பிய பிறகுதான் பிள்ளை வாட்ஸ்அப்பில் பாடம் பார்க்கும், லைன் கிடைத்தால்! மூன்று பிள்ளைகள் என்றால் அதற்கும் சண்டை.

பெரிய வகுப்புப் பிள்ளைகள் எப்படியோ சமாளித்தார்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். பள்ளிகள் மூடப்படும் முன் இரண்டரை மாதந்தான் வகுப்பில் உட்கார்ந்தார்கள். ழகரத்துக்கு நாக்கு மடிவதைச் சின்னத் திரையில் எப்படிக் காட்டுவது? மலாயைக் கடையிலாவது காதால் கேட்கலாம். தமிழ் எழுத்துக்கு எங்கே போவது? 2021 மார்ச்சில் பாலர் பள்ளி, முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளை முதலில் வரவழைத்தார்களே, அதுதான் சரி.

இன்னொரு முறை பூட்டு விழுந்தால் எந்தெந்த வீட்டில் போன் இல்லை? அந்தப் பட்டியலைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இந்த மாதமே எழுதி வைக்கட்டும்.