உப்பும் வெயிலும் போதுமா?
(மடவளையில் ஆற்றிய உரை)



மலை சூழ்ந்த மடவளையில் கடற்கரைக் கூலியாளரைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். நம் சட்டிக்கு வரும் மீன் அவர்தம் தோளேறியே கரை சேருகிறது, ஆகவே பேசுகிறோம்.

2020 மார்ச் 20ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் கொரோனா பரவவே, சந்தையும் மூடப்பட்டது. கொள்வாரின்றி மீன் தேங்கியது. நவம்பரில் முன்னாள் கடற்றொழில் அமைச்சர் திலிப் வெதஆரச்சி செய்தியாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்டி, அஞ்சாது வாங்குமாறு மக்களை வேண்டினார்!

கரைவலை இழுப்போருக்கு மாதச் சம்பளம் இல்லை. விற்ற மீனில் கிடைக்கும் பங்கே கூலி. விற்பனை நின்றால் பங்கு ஏது? விலைபோகாத மீனை உப்பிட்டுக் கருவாடாக்கினர். இயன்றவர் தெருத்தெருவாய் விற்றனர்.

“சமாளித்துக் கொண்டார்களே” என்று நாம் வாளாவிருப்பது அறமன்று. கருவாடு வெயிலுக்குக் காத்திருக்கும், பசி காத்திராது. அரசு வழங்கிய 5,000 ரூபாய் எத்தனை நாளைக்குப் போதும்?

விளைந்த மரக்கறி அழுகக் கண்ட உழவர்களே, இவ்வேதனையை நீங்கள் அறிவீர்கள். கரைதோறும் குளிர்அறை, கூலியாளர் பெயர்ப்பதிவு, தொழில் நின்ற நாட்களுக்கு உதவி: இவற்றை அடுத்த நோய் வருமுன்னரே கேட்டுப் பெறுவோம். இது பிச்சையன்று, உரிமை!